எழுத்துக்குள் ஆறு ஓட வேண்டும்: கொடை விழாத் தலைப்புக்குத் தமிழ் எழுத்து மாஸ்க்

கல்லிடை_தம்பி | புதன், இரவு 9.15

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் முத்தாரம்மன் கோவிலில் நேற்று கால்நாட்டியாச்சு, அடுத்த செவ்வாய்க்கிழமை கொடை. இந்த வருஷம்தான் முதல் தடவையாக எல்இடி திரை வைக்கிறார்கள். நள்ளிரவுச் சாமக்கொடைக்கு முன்னால் திரையில் ஓட 20 விநாடித் தலைப்பு ஒன்று செய்து தரும்படி, கோவிலுக்கு வரி கொடுக்கும் வரிக்காரர்கள் என்னிடம் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். கூலிக்குச் செய்யும் வேலை இல்லை, எங்கள் அம்மனுக்குச் செய்வது. நன்றாக வர வேண்டும் என்று ஆசை.

மனதில் இருப்பது இதுதான். செவ்வாய் காலை ஆற்றில் தீர்த்தம் எடுத்துக் குடம் ஊருக்கு வரும். அதை நினைவுபடுத்தும்படி, கருப்புத் திரையில் 'கொடை விழா' என்ற எழுத்துகள் முதலில் வெறும் கோடாகத் தெரிய வேண்டும். கீழிருந்து தாமிரபரணித் தண்ணீர் எழுத்துக்குள் மட்டும் ஏறி நிரம்ப வேண்டும். தண்ணீர் நான் படித்துறையில் நின்று போனில் எடுத்த வீடியோ. ஆடி மாதம், ஆற்றில் நல்ல ஓட்டம், அழகாக வந்திருக்கிறது.

அடோபி அனிமேட் என்ற அசைபட மென்பொருளில் செய்கிறேன். மேல் லேயரில் எழுத்து, கீழ் லேயரில் வீடியோ, மேல் லேயரை மாஸ்க் (கீழே இருப்பதைத் தன் வடிவத்துக்குள் மட்டும் காட்டும் லேயர்) ஆக்கினேன். எழுத்தை கன்ட்ரோல்+பி கொடுத்துப் பிரித்தால் 'கொ' உடைந்து, க தனியாகவும் கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு தனியாகவும் போகின்றன. சரி என்று அப்படியே லாக் செய்து பார்த்தால் ஒரே ஒரு எழுத்துக்குள் மட்டும் தண்ணீர் தெரிகிறது. வீடியோவாக வெளியே எடுத்தால் அந்தத் தண்ணீரும் இல்லை. இரண்டு ராத்திரி போய்விட்டது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


பாளை_ஃப்ரேம் | புதன், இரவு 10.02

தம்பி, மூன்று சிக்கலுக்கும் மூன்று வேறு காரணம். கடைசியிலிருந்து வருகிறேன்.

வெளியே எடுத்ததும் தண்ணீர் காணாமல் போவது மாஸ்க்கின் தவறு இல்லை. போன் வீடியோ எச்.264 வகை. அதை அனிமேட் டைம்லைனில் வைத்தால் வேலை பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான், வெளியீட்டில் வராது. அது பார்த்து ஒத்திசைக்க மட்டும் கொடுத்த வசதி. வீடியோவை எந்த எடிட்டிங் மென்பொருளிலாவது போட்டுப் படவரிசையாக எடுங்கள்: ஆறு001, ஆறு002 என்று வரிசை எண்ணோடு ஜேபெக் படங்கள். முதல் படத்தை இம்போர்ட் செய்யும்போதே 'இது வரிசையின் பகுதி போலத் தெரிகிறது, எல்லாவற்றையும் எடுக்கவா' என்று அனிமேட் கேட்கும். ஆம் சொல்லுங்கள், ஃப்ரேமுக்கு ஒரு படமாக அதுவே அடுக்கிவிடும். இதை ஒரு கிராஃபிக் சிம்பலுக்குள் செய்யுங்கள் (சிம்பல் என்பது மறுபடி மறுபடி பயன்படுத்தத் தனியாகச் செய்து வைக்கும் துண்டு). மூவி கிளிப் வேண்டாம். டைம்லைனை நகர்த்திப் பார்க்கும்போது மூவி கிளிப்புக்குள் இருக்கும் அசைவு தெரியாது, கிராஃபிக்கில் தெரியும்.

ஒரே எழுத்து மட்டும் தெரிவதற்குக் காரணம்: மாஸ்க் லேயரில் ஒரு பொருள்தான் இருக்கலாம். ஒரு சிம்பல், அல்லது ஒரு எழுத்துப் பெட்டி, அல்லது நிறம் நிரப்பிய வடிவம். நீங்கள் ஒரு தடவை மட்டும் கன்ட்ரோல்+பி கொடுத்ததால் ஐந்தாறு தனி எழுத்துப் பெட்டிகள் ஆகிவிட்டன. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இன்னொரு தடவை பிரித்தால் எல்லாம் வெறும் வடிவமாகும், தேர்ந்தெடுத்தால் மேலே புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்த நிலையில் எத்தனை எழுத்து இருந்தாலும் ஒன்றாகவே வேலை செய்யும்.

நீங்கள் முதலில் சொன்னது, 'கொ' உடைவது, அதுதான் பெரிய விஷயம். நாளை எழுதுகிறேன்.


மேலப்பாளையம்_டிடிபி | வியாழன், காலை 7.40

'கொ' உடைவதற்குச் சுலபமான மருந்து இருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டுங்கள். 20 வருஷமாகக் கல்யாணப் பத்திரிகையும் சுவரொட்டியும் அதில்தான் செய்கிறேன். அந்த எழுத்துருவில் கொம்பு ஒரு விசை, க ஒரு விசை, கால் ஒரு விசை. மென்பொருள் எதையும் சேர்த்துக் கோக்க வேண்டியதே இல்லை. அதனால் எத்தனை பழைய ஃப்ளாஷாக இருந்தாலும் உடையாது. யூனிகோடில்தான் இந்தத் தலைவலி எல்லாம்.


பாளை_ஃப்ரேம் | வியாழன், காலை 11.25

அண்ணாச்சி சொல்வது உண்மைதான், வேலை நடக்கும். ஆனால் ஏன் உடைகிறது என்று தம்பிக்குத் தெரிந்துவிட்டால் எந்த மென்பொருளிலும் தப்பித்துக்கொள்வார் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியிருப்பது 128 இடம் கொண்ட ஒரு பகுதி. நம் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. உயிர், அகர மெய், துணைக்குறி என்று வைத்திருக்கிறார்கள். 'கொ' என்று நீங்கள் தட்டும்போது உள்ளே சேமிக்கப்படுவது முதலில் க, பிறகு ஒகரக் குறி. கண்ணுக்குத் தெரிவதோ கொம்பு, க, கால் என்ற வரிசை. சேமித்த வரிசையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் வரிசைக்கு மாற்றி அடுக்குவது எழுத்துருவும் மென்பொருளின் எழுத்துப் பொறியும் சேர்ந்து செய்யும் வேலை. கன்ட்ரோல்+பி கொடுத்ததும் அனிமேட் சேமித்த வரிசைப்படி துண்டு போடுகிறது. க ஒரு பெட்டிக்குப் போய்விடுகிறது. ஒகரக் குறிக்கு ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லை, அதனால் புள்ளி வட்டம் போட்டுக் காட்டுகிறது. 'டை'யிலும் இதே கதைதான், இணைக் கொம்பு ட-வுக்குப் பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் தெரிய வேண்டியது. 'விழா'வில் மேல் விலங்கும் காலும் பின்னாலேயே வருவதால் சேதம் குறைவாகத் தெரிந்திருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

ஆகவே, எழுத்தைக் கோக்கும் வேலையை அனிமேட்டிடம் கொடுக்காதீர்கள். கோக்கத் தெரிந்த இடத்தில் கோத்து, கோடாக்கி, அதற்குப் பிறகு உள்ளே கொண்டு வாருங்கள். இங்க்ஸ்கேப் இலவசம், தமிழைச் சரியாகக் கோக்கும். அதில் தட்டி, பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள், விசை ஷிஃப்ட்+கன்ட்ரோல்+சி. இப்போது அது எழுத்து இல்லை, படம். யாராலும் உடைக்க முடியாது. எஸ்விஜி ஆகச் சேமித்து அனிமேட்டில் இம்போர்ட் செய்யலாம். இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் பத்தி அமைப்பில் தெற்காசிய எழுத்துக்கான கம்போசரைத் தேர்ந்துவிட்டு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ கொடுத்தால் அதே வேலை.

கோடாக்கிய பிறகும் 'கொ' மூன்று துண்டாகத்தான் இருக்கும். அந்த மூன்றையும் ஒரே பொருளாகச் சேர்த்துவிடுங்கள். அடுத்து எழுத்து எழுத்தாக அசைக்கும்போது கொம்பு மட்டும் முன்னால் குதித்து வராமல் இருக்க அதுதான் வழி. பாமினியில் அண்ணாச்சி சொன்னபடி தட்டினாலும் இந்தச் சேர்க்கும் வேலை மிச்சமாகாது, ஏனென்றால் அங்கும் கொம்பு தனி விசைதான்.


மேலப்பாளையம்_டிடிபி | வியாழன், மதியம் 1.10

சேர்க்கும் வேலை இரண்டிலும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பிக்குச் செவ்வாய் வரைதான் நேரம். கோடாக்கிவிட்ட பிறகு உள்ளே யூனிகோடா பாமினியா என்று திரைக்குத் தெரியப்போவதில்லை. அலங்கார எழுத்துரு பாமினி வரிசையில் என்னிடம் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, யூனிகோடில் அவ்வளவு வகை இன்னும் கிடைக்கவில்லை. தலைப்பு வேலைக்கு நான் அதை விடமாட்டேன்.


பாளை_ஃப்ரேம் | வியாழன், மதியம் 1.32

வகை அதிகம் என்பதில் மறுப்பில்லை. ஆனால் அடுத்த வருஷம் அதே கோப்பைத் திறந்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் யூனிகோட் மூலம் கையில் இருப்பது நல்லது. எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். தம்பி, மாஸ்க்குக்குத் தடித்த எழுத்துரு எடுங்கள். உள்ளே தண்ணீர் ஓட இடம் வேண்டும். கூகுள் எழுத்துருக்களில் பாலூ தம்பி இருக்கிறது, இலவசம், உடம்பு நன்றாகப் பருத்தது. ஹிந்த் மதுரையின் போல்டும் ஆகும். மெல்லிய எழுத்துக்குள் ஆறு ஓடினால் அது ஆறு என்றே தெரியாது.


கல்லிடை_தம்பி | வியாழன், இரவு 8.50

அண்ணாச்சி, படவரிசை வந்துவிட்டது, வெளியீட்டிலும் தண்ணீர் தெரிகிறது! பாலூ தம்பியில் தட்டி இங்க்ஸ்கேப்பில் கோடாக்கிவிட்டேன். நீங்கள் சொன்னது சரி, முன்னால் உடைந்தது கொடையில்தான், விழாவில் அவ்வளவு தெரியவில்லை. மூன்று துண்டுகளை ஒரே பொருளாகச் சேர்க்க 'பிரேக் அபார்ட்', 'கம்பைன்' என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். இப்போது 'வி', 'ழா' இரண்டிலும் சுழி அடைத்துக்கொண்டு கட்டியாக நிற்கிறது. உள் ஓட்டை போய்விட்டது.

இன்னொன்று. நிரம்பிய எழுத்து வருகிறது. ஆனால் தண்ணீர் கீழிருந்து ஏறும்படி செய்ய, மாஸ்க் லேயருக்கு இன்னொரு மாஸ்க் போடப் பார்த்தேன், விடவில்லை.


தென்காசி_கீஃப்ரேம் | வியாழன், இரவு 9.30

சுழி அடைந்தது இங்க்ஸ்கேப்பின் 'பிரேக் அபார்ட்' கொடுத்ததால். வெளிக்கோடும் உள்ஓட்டைக் கோடும் சேர்ந்திருந்தால்தான் ஓட்டை ஓட்டையாக இருக்கும்; பிரித்துவிட்டால் இரண்டும் தனித்தனி நிரம்பிய வடிவம். இல்லஸ்ட்ரேட்டரில் காம்பவுண்ட் பாத்தை ரிலீஸ் செய்தாலும் இதேதான். அன்டூ கொடுத்து ஓட்டை இருக்கும் நிலைக்குத் திரும்புங்கள். பிறகு கொம்பையும் எழுத்தையும் சேர்க்க 'யூனியன்' கொடுங்கள். கம்பைனில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் வெள்ளையாக ஓட்டை விழ வாய்ப்பு உண்டு. பாலூ போன்ற தடித்த எழுத்தில் துண்டுகள் நெருங்கி நிற்பதால் கவனம்.

நான் அடோபியின் இன்னொரு மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வேலை பார்க்கிறேன். இந்த வேலை அங்கே இன்னும் சுலபம் என்பது என் எண்ணம். வீடியோவை நேரடியாகப் போடலாம். எழுத்து லேயரை ட்ராக் மேட் (அங்கே மாஸ்க் போன்றது) ஆக்கினால் போதும். முன்பெல்லாம் மேட் லேயர் சரியாக மேலேயே இருக்க வேண்டும், 2023 பதிப்பிலிருந்து எந்த லேயரை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். ஓரம் மங்கலாக வேண்டுமென்றால் ஃபெதர் இருக்கிறது. பழைய பதிப்பில் தமிழ் உடைந்தால் ப்ரிஃபரன்ஸில் டைப் பகுதியில் எழுத்துப் பொறி எது என்று பார்க்க வேண்டும், லத்தீன் என்று இருந்தால் தெற்காசியப் பொறிக்கு மாற்றிவிட்டுப் புதிய ப்ராஜெக்டில் தட்டுங்கள்.


கல்லிடை_தம்பி | வியாழன், இரவு 9.41

அக்கா, என் லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் திறக்கவே திணறுகிறது. அனிமேட்டிலேயே முடித்துவிடப் பார்க்கிறேன். சுழி சரியாகிவிட்டது, யூனியன் கொடுத்தேன்.


பாளை_ஃப்ரேம் | வியாழன், இரவு 10.55

4 ஜிபியில் அனிமேட் போதும். நான் 2003இல் வண்ணார்பேட்டையில் ஃப்ளாஷ் எம்எக்ஸ் கற்றது 256 எம்பி ராமில். அந்த ஃப்ளாஷ்தான் 2016இல் அனிமேட் என்று பெயர் மாறியது. 2020 டிசம்பர் 31ஓடு ஃப்ளாஷ் பிளேயர் நின்றுபோனாலும் இந்தக் கருவி நிற்கவில்லை, மாஸ்க் லேயர் அன்று எப்படியோ இன்றும் அப்படியே இருக்கிறது.

மாஸ்க்குக்கு மாஸ்க் போட முடியாது, அது விதி. ஆனால் ஒரு மாஸ்க்கைச் சிம்பலுக்குள் ஒளித்துவிட்டால், அந்தச் சிம்பலை வெளியே இன்னொரு மாஸ்க்கின் கீழ் வைக்கலாம். உங்கள் வேலைக்கு இதுதான் சாவி.

'ஏறும்_தண்ணீர்' என்று ஒரு கிராஃபிக் சிம்பல் செய்யுங்கள். அதற்குள் கீழ் லேயரில் ஆற்றுப் படவரிசை, மேல் லேயரில் அலை வடிவம், அலை லேயர் மாஸ்க். அலை என்பது மேல்விளிம்பு மட்டும் வளைந்த ஒரு பெரிய செவ்வகம், திரை அகலத்தைவிட நீளமாக. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு 120 பிக்சல் என்று எல்லா அலையும் ஒரே அளவு. இந்த அலையையும் தனிச் சிம்பலாக்கி, உள்ளே 24 ஃப்ரேமில் சரியாக 120 பிக்சல் பக்கவாட்டில் நகர விடுங்கள். ஒரு அலை நகர்ந்ததும் பழைய இடத்துக்கே வந்ததுபோல இருக்கும், எத்தனை முறை சுற்றினாலும் குதிக்காது. ஒரு நுணுக்கம்: 25ஆம் ஃப்ரேமில் கடைசிக் கீஃப்ரேம் (நிலை மாறுவதைக் குறிக்கும் ஃப்ரேம்) வைத்து ட்வீன் செய்து (இடைப்பட்ட அசைவை மென்பொருளே நிரப்புவது), 24ஆம் ஃப்ரேமைக் கீஃப்ரேமாக்கிவிட்டு, பிறகு 25ஐ நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் முதலும் கடைசியும் ஒரே படமாகி, சுற்றுக்கு ஒரு முறை தண்ணீர் ஒரு ஃப்ரேம் நின்று நின்று போகும். இந்த அலைச் சிம்பலை 'ஏறும்_தண்ணீர்' உள்ளே கீழிருந்து மேலாக 96 ஃப்ரேமில் க்ளாசிக் ட்வீன் செய்யுங்கள். 24 ஃப்ரேம் வேகத்தில் அது 4 விநாடி. ஈஸ் கொஞ்சம் கொடுத்தால் நிரம்பும்போது வேகம் அடங்கி நிற்கும்.

வெளியே முதன்மை டைம்லைனில் 'ஏறும்_தண்ணீர்' கீழே, எழுத்து வடிவம் மேலே, எழுத்து லேயர் மாஸ்க். இரண்டையும் லாக் செய்தால்தான் விளைவு தெரியும், பூட்டு திறந்திருந்தால் எழுத்து வெறும் நிறமாகத்தான் நிற்கும். புதிதாக வருபவர்கள் பாதிப்பேர் இங்கேதான் மாஸ்க் வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

எழுத்தின் வெளிக்கோடு தெரிய, அதே எழுத்தின் நகலை மாஸ்க் இல்லாத தனி லேயரில் மேலே வைத்து உள்நிறத்தை நீக்கிக் கோடு மட்டும் விடுங்கள். கோடு என்பதை நினைவில் வையுங்கள்: மாஸ்க் லேயரில் கோட்டுக்கு மதிப்பே இல்லை, நிரப்பிய இடத்தைத்தான் பார்க்கும். அங்கே கோடு வேண்டுமானால் மாடிஃபை மெனுவில் ஷேப் என்பதற்குள் கோட்டை நிரப்பாக்கும் கட்டளை இருக்கிறது.


தென்காசி_கீஃப்ரேம் | வெள்ளி, காலை 6.50

கூடவே ஒரு சேர்க்கை. நிரம்பி முடிந்ததும் எழுத்தின் மேல் ஜரிகை போல ஒரு வெளிச்சம் குறுக்கே ஓடினால் அழகாக இருக்கும். சாய்ந்த ஒரு வெள்ளைப் பட்டை, இரண்டு ஓரமும் ஆல்ஃபா 0 ஆகி மறையும் க்ரேடியன்ட். அதை எழுத்து மாஸ்க்கின் கீழ் இன்னொரு லேயராகச் சேர்த்து 20 ஃப்ரேமில் இடமிருந்து வலம் ஓட்டுங்கள். ஒரே மாஸ்க்கின் கீழ் எத்தனை லேயர் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் அனிமேட்டில் மாஸ்க்கிலேயே க்ரேடியன்ட் போட்டால் அது மங்கலாகாது. நிறமோ ஒளிபுகும் அளவோ எதையும் மாஸ்க் கணக்கில் எடுக்காது, நிரப்பு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான். தண்ணீர் விளிம்பு கத்தரித்தது போல இருக்கிறதே என்று தோன்றினால், அலையின் விளிம்போடு சேர்ந்து ஏறும்படி நுரை நிறத்தில் ஒரு மெல்லிய க்ரேடியன்ட் பட்டையைத் தண்ணீருக்கு மேலே வைத்துவிடுங்கள். கண் ஏமாந்துவிடும்.


அம்பை_போர்டு | வெள்ளி, இரவு 7.20

நான் 30 வருஷம் தூரிகை பிடித்துக் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதியவன், இப்போது கணினியில் எழுதுகிறேன். இந்த இழையைப் படித்தபோது ஒன்று சொல்லத் தோன்றியது.

தண்ணீர் நிரம்புவது நன்று. அதற்கு முன்னால் வெளிக்கோடு சும்மா வந்து நிற்க வேண்டாம், யாரோ கையால் எழுதுவதுபோல வரட்டும். கையால் எழுதும் வரிசையில் வந்தால்தான் பார்ப்பவர் மனம் கூடவே எழுதும். 'கொ' எழுதும்போது கை முதலில் கொம்பைச் சுழித்து எழுதும், பிறகு க, கடைசியில் கால். 'டை'க்கு இணைக் கொம்பு முதலில், அப்புறம் ட. 'வி'யில் வ முழுவதும் முடிந்த பிறகுதான் மேல் விலங்கு. புள்ளி எப்போதும் கடைசி. கணினி சேமிக்கும் வரிசைக்கும் கையெழுத்து வரிசைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பார்த்தால், கொம்பு முன்னால் வருவதைக் கைதான் சரியாக வைத்திருக்கிறது என்பேன்.

அனிமேட்டில் நான் செய்யும் முறை பழையது. எழுத்து முழுவதையும் வடிவமாக்கி முதல் ஃப்ரேமில் வைப்பேன். எஃப்6 அடித்துப் புதிய கீஃப்ரேம் போட்டு, எழுதி முடிக்கும் முனையிலிருந்து அழிப்பானால் கொஞ்சம் அழிப்பேன். மறுபடி எஃப்6, மறுபடி கொஞ்சம். காலிலிருந்து தொடங்கி, பிறகு க, கடைசியாகக் கொம்பு. எல்லாம் அழிந்ததும் எல்லா ஃப்ரேமையும் தேர்ந்து 'ரிவர்ஸ் ஃப்ரேம்ஸ்' கொடுத்தால் அழிந்தது எழுதுவதாக மாறிவிடும். 'கொடை விழா'வுக்கு 70, 80 ஃப்ரேம் ஆகும். கை வலிக்கும், ஆனால் எழுதும் வேகம் நம் கையில் இருக்கும். வளைவில் மெல்ல, நேர்கோட்டில் விரைந்து. ட்வீனில் அந்த உயிர் வருவதில்லை.

இன்னொரு நினைவு. போன வருஷம் வேறொரு ஊர்க் கொடைக்குப் பெரியவர் ஒருவர் பழைய 'லை'தான் வேண்டும் என்றார், யானைத் துதிக்கை போட்டது. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வருவதற்கு முன் படித்தவர். என்னிடம் இருந்த எழுத்துருக்களில் அது இல்லை. காகிதத்தில் தூரிகையால் எழுதி, படம் பிடித்து, மேலே பென் டூலால் வரைந்து மாஸ்க் ஆக்கினேன். அந்தத் துதிக்கை மெல்லச் சுழன்று எழுந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.


தென்காசி_கீஃப்ரேம் | வெள்ளி, இரவு 8.05

ஐயா, வணக்கம். நீங்கள் அழிப்பானால் செய்வதை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஸ்ட்ரோக் எஃபெக்டால் செய்வோம். எழுத்தின் நடுவே பென் டூலால் கோடு போட்டுக்கொண்டு போக வேண்டும், 'ரிவீல் ஒரிஜினல் இமேஜ்' தேர்ந்து எண்ட் மதிப்பை 0இலிருந்து 100 வரை ஏற்ற வேண்டும். 'எல்லா மாஸ்க்கும்', 'வரிசையாக' என்ற இரண்டையும் டிக் செய்தால் கோடுகள் பட்டியலில் இருக்கும் வரிசையிலேயே எழுதும். கொம்புக்குப் போட்ட கோடு பட்டியலில் முதலில் இருக்க வேண்டும் என்பதை உங்கள் பதிவு படித்த பிறகு இனி மறக்க மாட்டேன். ஒரு தொல்லை மட்டும் உண்டு. கோடு தன்னையே வெட்டிக்கொள்ளும் சுழியில், இந்தப் பக்கம் எழுதும்போதே அகலமான தூரிகை அந்தப் பக்கத்தின் ஓரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே எழுத்தை இரண்டு லேயராக வெட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது.


வீரவை_திரை | சனி, காலை 9.00

நான் எல்இடி திரை வாடகைக்கு விடுகிறவன். தம்பி, எந்தத் திரை என்று கேட்டீர்களா? நம் பக்கம் கொடைக்கு அதிகம் போவது பி4. புள்ளிக்கும் புள்ளிக்கும் 4 மி.மீ. என்று பொருள். 12 அடி அகலம், 8 அடி உயரம் என்றால் அகலத்தில் சுமார் 914 புள்ளி, உயரத்தில் சுமார் 609. அவ்வளவுதான் மொத்தமும். நீங்கள் 1920க்கு 1080இல் செய்தால் அகலம் பாதிக்கும் கீழே சுருங்கும். உங்கள் வெளிக்கோடு 2 பிக்சல் என்றால் திரையில் ஒரு புள்ளிகூட வராது, மினுக்கி மினுக்கி மறையும். குறைந்தது 8 பிக்சல் வையுங்கள். அளவு விகிதமும் வேறு. 12க்கு 8 என்பது 3:2. உங்கள் படத்தை இழுத்து நிரப்பினால் எழுத்து ஒல்லியாக நெட்டையாகிவிடும். திரைக்காரரிடம் சரியான புள்ளிக் கணக்கைக் கேட்டு வாங்கி, அதன் இரண்டு மடங்கில் ஸ்டேஜ் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரேம் வேகம் 24 வேண்டாம், 30 வையுங்கள். திரைக்குப் போகும் சிக்னல் பெரும்பாலும் விநாடிக்கு 60 தடவை. 30 அதில் சரியாக இரண்டு முறை அடங்கும், 24 அடங்காது, பக்கவாட்டில் ஓடும் அலை லேசாகத் தடுக்கும். பின்னணி சுத்தக் கருப்பாக இருக்கட்டும். எல்இடியில் கருப்பு என்றால் விளக்கு அணைந்திருக்கிறது என்று பொருள், இருட்டில் எழுத்து மட்டும் மிதக்கும். முழு வெள்ளையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நள்ளிரவில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்குக் கண் கூசும்.


கல்லிடை_தம்பி | சனி, இரவு 11.30

அண்ணாச்சி, இப்போதே கேட்டுவிட்டேன், பி4தான், 12க்கு 8, புள்ளிக் கணக்கு 912க்கு 608. ஸ்டேஜை 1824க்கு 1216 ஆக மாற்றி, 30 ஃப்ரேமுக்குக் கணக்கைத் திருப்பிப் போட்டேன். 96 ஃப்ரேம் ஏற்றம் 120 ஆனது. ஆற்றின் படவரிசையை மறுபடி 30இல் எடுத்தேன். ஐயா சொன்னபடி அழித்து அழித்து எழுதும் வேலை பாதி முடிந்திருக்கிறது, 'கொடை' வரை. நீங்கள் சொன்னதுபோல் கொம்பு முதலில் வரும்போது நிஜமாகவே எழுதுவதுபோல இருக்கிறது.

ஒரு கேள்வி. நையாண்டி மேளம் பதிவு செய்தது ஒன்று 20 விநாடி வைத்திருக்கிறேன். தவில் அடி விழும் இடத்தில் தண்ணீர் நிரம்பி முடிய வேண்டும். டைம்லைனில் சரியாக வைத்தாலும் ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுகிறது.


பாளை_ஃப்ரேம் | ஞாயிறு, காலை 6.15

ஒலியின் சிங்க் 'ஈவென்ட்' என்று இருக்கும். 'ஸ்ட்ரீம்' ஆக்குங்கள். ஸ்ட்ரீமில் படம் ஒலிக்குப் பின்னால் ஓடும், கணினி மெதுவாக இருந்தால் படத்தில் ஃப்ரேமை விட்டுவிட்டாவது மேளத்தோடு சேர்ந்து நிற்கும். டைம்லைனை விரலால் நகர்த்தினாலும் ஒலி கேட்கும், தவில் அடி எந்த ஃப்ரேம் என்று கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளலாம்.


கல்லிடை_தம்பி | வியாழன், மாலை 5.40

கொடை நல்லபடியாக முடிந்தது. நேற்று முழுவதும் தூங்கிவிட்டேன், அதனால்தான் தாமதம்.

செவ்வாய் ராத்திரி வில்லிசை ஒரு கட்டத்தில் நின்று, சாமக்கொடைக்கு மேளம் ஏறும் நேரத்தில் தலைப்பை ஓட்டினார்கள். திரை முழுக்க இருட்டு. கொம்பு எழுந்தது, க வந்தது, கால் விழுந்தது. 'விழா' எழுதி முடிந்ததும் அடியில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பாதி எழுத்து நிரம்பும்போதே பெண்கள் பக்கத்திலிருந்து குலவை சத்தம் வந்துவிட்டது. காலையில் ஆற்றிலிருந்து குடம் தூக்கி வந்தவர்களில் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார், 'நம்ம ஆறுல்லா' என்றார். படித்துறையின் கல்லை ஒரு ஓரத்தில் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறார்.

தவில் அடியும் தண்ணீரும் சரியாகச் சேர்ந்தன. ஜரிகை வெளிச்சத்தை நான் 20 ஃப்ரேமில் ஓட்டியிருந்தேன், அவ்வளவு பெரிய திரையில் அது வேகம் அதிகம், கண்ணில் படுவதற்குள் போய்விட்டது. அடுத்த முறை 40 வைப்பேன். பாளை அண்ணாச்சி, தென்காசி அக்கா, அம்பை ஐயா, வீரவை அண்ணாச்சி, மேலப்பாளையம் அண்ணாச்சி எல்லாருக்கும் பிரசாதம் எடுத்து வைத்திருக்கிறேன்.


மேலப்பாளையம்_டிடிபி | வியாழன், இரவு 8.10

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆவணியில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம், அழைப்பிதழ் வீடியோவுக்கு உங்கள் அலைச் சிம்பல் கோப்பு கிடைக்குமா? எழுத்து நான் பாமினியில் போட்டுக்கொள்கிறேன்.


அம்பை_போர்டு | வியாழன், இரவு 9.25

வீடியோவை நாலு முறை பார்த்தேன். கொம்பும் கையும் சரியாக வந்திருக்கின்றன. 'ழா'வில் மட்டும், ழ-வின் கீழ்ச்சுழி முடிவதற்கு முன்பே பக்கத்துக் கால் தொடங்கிவிடுகிறது. சுழி முழுவதும் இறங்கி நிற்கட்டும், ஒரு 4 ஃப்ரேம் பொறுத்துக் காலைப் போடுங்கள். கோப்பை அனுப்பினால் நானே அந்த இடத்தைத் திருத்தித் தருகிறேன்.